நாவலைப் பாதியில் வைத்துக்கொண்டு மற்றவற்றையும் எழுதலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முழுநேர வேலையில் இருக்கிறீர்கள். எட்டு மாதங்களுக்கு முன் தொடங்கிய நாவல் 38,000 சொற்களைத் தொட்டு, பதினோராம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது. தாயின் மறைவுக்குப் பிறகு வீட்டை விற்பதற்காக ஒன்றுகூடும் மூன்று பிள்ளைகளின் கதை அது. இதற்கிடையே நண்பருக்காக ஒரு குறும்படத் திரைக்கதை, பாதியில் நிற்கும் மூன்று சிறுகதைகள், தொகுப்பாக்க நினைக்கும் கவிதைகள், வாரம் ஒரு கட்டுரை ஆகியவையும் நடக்கின்றன. எதைக் கையில் எடுத்தாலும் இன்னொன்று இழுக்கிறது, எதுவும் முடிந்தபாடில்லை. நாவல் முடியும் வரை மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமா, அல்லது எல்லாவற்றையும் சேர்த்து நடத்த வழியுண்டா என்று கேட்கிறீர்கள்.

எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் முதல் வரைவு என்ற நிலையில் ஒரே சமயத்தில் ஒரு படைப்புக்கு மேல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எத்தனை வேலைகளைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைவிட, அவை ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரு நாவலுக்குக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டே இன்னொரு நாவலின் வரைவை எழுதலாம். ஒரு நாவலை எழுதிக்கொண்டே, ஆறு மாதம் ஆறப்போட்ட சிறுகதையை எடுத்துத் திருத்தலாம். ஆனால் இரண்டு படைப்புகளை ஒரே நேரத்தில் இல்லாமையிலிருந்து உருவாக்கிக்கொண்டிருந்தால் அவை ஒன்றையொன்று தின்னும். அந்தச் சண்டையில் தோற்பது எப்போதும் நாவலாகவே இருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. ஒரு சிறுகதையை மொத்தமாக மனத்தில் ஏந்திக்கொள்ள முடியும். ஒரு மாதம் கழித்துத் திரும்பினாலும், அரை மணி நேரம் வாசித்தால் முழுக் கதையும் கைக்கு வந்துவிடும். நாவல் அப்படிப்பட்டதன்று. பதினோராம் அத்தியாயத்தில் நிற்கும்போது, யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது, எந்தப் பேச்சு பாதியில் அறுந்தது, எந்தப் பொருளை எந்த அறையில் விட்டுவந்தோம், கதைசொல்லி எவ்வளவு நெருக்கத்தில் நின்று பேசுகிறான் என்பதையெல்லாம் எழுதுபவரின் நினைவு மட்டுமே தாங்கிக்கொண்டிருக்கிறது. தாளில் இருப்பது அதன் ஒரு பகுதிதான். நினைவில் இருக்கும் பகுதி, தொடாமல் விட்ட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

இதை நான் என் இரண்டாவது நாவலில் பட்டுத் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு நாடகப் பிரதிக்காக ஐந்து வாரம் விலகியிருந்தேன். திரும்பி வந்து எழுதிய முதல் அத்தியாயம் நன்றாக வந்திருப்பதாகவே தோன்றியது. பத்து நாள் கழித்து முன்னிருந்து வாசித்துக்கொண்டு வந்தபோதுதான் பிழை தெரிந்தது. ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரியோடு கணவனிடம் பேசுவதையே நிறுத்திவிட்ட பெண், புதிய அத்தியாயத்தில் வாசலில் நின்றபடி, “குடையை எங்கே வைத்தீர்கள்?” என்று அவனிடம் மிக இயல்பாகக் கேட்டிருந்தாள். அந்த மௌனத்தின் மேல்தான் நாவலே நின்றது. அவளுடைய பெயர், வயது, நடை எல்லாம் எனக்கு நினைவிருந்தன. அவள் பேசாமலிருக்கிறாள் என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. அந்த ஒரு கேள்வியை அடித்தால் போதவில்லை. அவள் பேசிவிட்டாள் என்ற நினைப்பிலேயே அடுத்த இருபது பக்கங்களும் எழுதப்பட்டிருந்ததால், அனைத்தையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

பெரிய எழுத்தாளர்கள் இரண்டு நாவல்களை ஒரே நேரத்தில் எழுதவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தஸ்தயெவ்ஸ்கி 1866-இல் அப்படிப்பட்ட நிலையில்தான் இருந்தார். ‘குற்றமும் தண்டனையும்’ அந்த ஆண்டு மாத இதழ் ஒன்றில் தொடராக வந்துகொண்டிருந்தது. அதே வேளையில், நவம்பர் 1-க்குள் புதிய நாவல் ஒன்றைக் கொடுக்காவிட்டால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய எழுத்துகளைச் சன்மானமின்றி வெளியிடும் உரிமை ஒரு பதிப்பாளருக்குப் போய்விடும் என்ற ஒப்பந்தமும் அவர் தலைமேல் இருந்தது. காலையில் ஒரு நாவல், மாலையில் இன்னொரு நாவல் என்று எழுதி நான்கு மாதங்களில் இரண்டையும் முடிக்கப்போவதாக அந்த ஜூன் மாதம் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் அக்டோபர் பிறந்தபோதும் இரண்டாவது நாவல் எழுதப்படவே இல்லை. பிறகு அன்னா ஸ்னித்கினா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்தி, ஓடிக்கொண்டிருந்த தொடரை ஓரமாக வைத்துவிட்டு, 26 நாட்களில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார். அதன் பின்னரே பழைய நாவலுக்குத் திரும்பி அதன் இறுதிப் பகுதியை எழுதினார்.

அவருடைய வேகத்தைப் பலரும் வியந்து சொல்வதுண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு. காலை, மாலை என்று நாளைப் பங்குபோடும் திட்டம் அவருக்கே பலிக்கவில்லை. ஒன்றை முழுமையாக நிறுத்தி, இன்னொன்றை முடித்த பிறகே வழி பிறந்தது. மேலும், ‘சூதாடி’யின் கருவை 1863-லேயே அவர் ஒரு கடிதத்தில் விவரித்திருந்தார். மூன்று ஆண்டுகளாக அது மற்ற வேலைகளுக்குப் பக்கத்தில் தொந்தரவு தராமல் விளைந்துகொண்டிருந்தது. கரு விளையும் நிலைக்குப் பக்கத்தில் எத்தனை வேலை வேண்டுமானாலும் இருக்கலாம், வரைவு எழுதும் நிலைக்கு அது பொருந்தாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வேலை மாறும்போது மனத்தில் என்ன நடக்கிறது என்பதை ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், முடியாத ஒரு வேலையை விட்டு அடுத்ததற்கு நகரும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுவதையும், அதனால் புதிய வேலை பழுதுபடுவதையும் காட்டினார். இதற்குக் ‘கவன எச்சம்’ என்று பெயரிட்டார். 2018-இல் அவரும் தெரசா கிளாமும் செய்த தொடர் ஆய்வு எழுதுபவர்களுக்கு நேரடியாக உதவக்கூடியது. வேலையை விட்டு எழும் முன், எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் எதை முதலில் செய்யப்போகிறோம் என்று சில வரிகள் எழுதிவைத்தவர்களிடம் அந்த எச்சம் குறைந்திருந்தது.

நான் இதை ‘திரும்பும் குறிப்பு’ என்று சொல்வேன். அன்றைய எழுத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை, நல்ல வேகத்தில் இருந்தாலும், இதற்காக ஒதுக்கிவிட வேண்டும். அது அத்தியாயச் சுருக்கமாக இருக்கத் தேவையில்லை. நடந்ததைத் திரும்ப வாசித்தால் தெரிந்துகொள்ளலாம். இன்னும் நடக்காததும், எழுதுபவருக்கு மட்டும் தெரிந்ததுமே குறிப்பில் இருக்க வேண்டும். உங்கள் நாவலுக்கு அப்படி ஒரு குறிப்பு எழுதினால் ஏறத்தாழ இவ்வாறு இருக்கும்: “அக்கா அலமாரியைப் பூட்டியதைச் சின்னவன் பார்த்துவிட்டான். பார்த்ததை அவள் அறியாள். அவன் இன்னும் இரண்டு அத்தியாயங்களுக்கு வாய் திறக்க மாட்டான். நாளை கொல்லைப்புறத்தில் தொடங்கு. நடு அண்ணன் மரத்தை அளந்துகொண்டிருக்கிறான். இந்த அத்தியாயத்தில் யாரும் அழக் கூடாது.” இந்த ஆறு வரிகள் இருந்தால் நான்கு நாள் கழித்து வந்தாலும் கதைக்குள் கால் வைத்துவிடலாம். குறிப்பைத் தனிக் கோப்பில் வைக்காமல், வரைவு நின்ற இடத்திற்கு நேர் கீழேயே எழுதிவையுங்கள். தேடிப்போக வேண்டிய குறிப்பை நாம் தேடுவதில்லை.

திரும்பி உள்ளே நுழைவதற்கும் ஒரு முறை வேண்டும். ஆந்தணி டிராலப் அஞ்சல் துறையில் முழுநேர அதிகாரியாக இருந்தபடியே ஏராளமான நாவல்களை எழுதியவர். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார் என்பதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த வேகம் உங்களுக்குத் தேவையில்லை. தினமும் அதிகாலையில் எழுதிய மூன்று மணி நேரத்தின் முதல் அரை மணியை, முந்தைய நாள் எழுதியதை வாசிப்பதற்கே அவர் செலவிட்டார். அதைத் தன் சுயசரிதையில் அவரே சொல்கிறார். உங்களிடம் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதில் பத்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். வாசிக்கும்போது திருத்தத் தொடங்கிவிடாதீர்கள். காது பழகுவதற்காகவே இந்த வாசிப்பு. முடிந்தால் வாய்விட்டே வாசியுங்கள்.

காது என்றதும் தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மொழியில் பேச்சு நடைக்கும் எழுத்து நடைக்கும் இடையே உள்ள தூரம் அதிகம். இரண்டு வாரம் திரைக்கதைக்கு வசனம் எழுதிவிட்டு நாவலுக்குத் திரும்பினால், கதைசொல்லியின் வாக்கியங்கள் தாமாகவே குட்டையாகும், வினைமுற்றுகள் பேச்சை நோக்கி வழுக்கும், காட்சியை விவரிக்க வேண்டிய இடத்தில் யாராவது பேசத் தொடங்குவார்கள். கட்டுரை எழுதிவிட்டு வந்தால் எதிர்த்திசையில் நடக்கும். பாத்திரங்கள் கருத்துச் சொல்வார்கள். நீங்கள் அனுப்பியிருந்த பக்கங்களில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் உரையாடலாகவே இருப்பதற்கு, அந்த நாட்களில் திரைக்கதை ஓடிக்கொண்டிருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். ஆகவே வடிவம் மாறும் வேலைகளை ஒரே நாளில் வைக்காதீர்கள். இடையில் ஒரு இரவு தூக்கம் இருந்தால்கூடப் போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். நாவல் 80,000 சொற்களில் முடியும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 42,000 பாக்கி. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 300 சொற்கள் என்றால் 28 வாரங்களில் முடிந்துவிடும். அதே 300-ஐ வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எழுதினால் 70 வாரங்கள். காகிதத்தில் இது இரண்டரை மடங்குதான். நடைமுறையில் அதைவிட மோசமாகும். ஏனென்றால் இடைவெளி கூடக்கூட அந்த இரண்டு நாட்களிலும் பாதி நேரம் மறந்ததை மீட்பதிலேயே போய்விடும். எனவே பெரிய எண்ணிக்கையை இலக்காக வைத்து விடுமுறை நாளுக்குத் தள்ளிப்போடுவதைவிட, நாவலை இரண்டு நாளுக்கு மேல் தொடாமல் இருப்பதில்லை என்ற ஒரே விதியைக் கைக்கொள்ளுங்கள். மிகக் களைத்த நாளில் ஒரு பத்தி போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: முப்பது நாளில் 50,000 சொற்கள் போன்ற இலக்குகள் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் தமிழில் அதே விஷயம் குறைந்த சொற்களில் முடிந்துவிடும். அந்த எண்களோடு உங்களை ஒப்பிட்டு வருந்தாதீர்கள்.

உங்கள் நாவல் ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளப்படுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. திரைக்கதைக்கு நண்பர் காத்திருக்கிறார், கட்டுரைக்கு வாசகர்கள் காத்திருக்கிறார்கள், சிறுகதைக்குப் போட்டியின் கெடு காத்திருக்கிறது. கேட்க ஆள் இருக்கும் வேலையே முதலில் நடக்கும். இதில் உங்கள் மன உறுதியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கல்கி தன் வார இதழின் ஆசிரியர் பொறுப்பைச் சுமந்துகொண்டே ‘பொன்னியின் செல்வன்’ என்ற மாபெரும் நாவலை 1950 முதல் 1954 வரை எழுதி முடித்தார். வாரந்தோறும் அச்சுக்குப் போக வேண்டிய பக்கமும் அடுத்த இதழுக்குக் காத்திருந்த வாசகர்களும் இல்லாமல் அது அந்த அளவில் நிகழ்ந்திருக்குமா என்பது சந்தேகமே. உங்களுக்கு இதழ் வேண்டியதில்லை, ஒரு ஆள் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓர் அத்தியாயத்தை அவர் கையில் கொடுப்பதாக நாள் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வரைவு முடியும் வரை அவர் கருத்துச் சொல்லக் கூடாது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பாதியில் வரும் நல்ல விமர்சனம்கூட உங்களை முதல் அத்தியாயத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.

புதிய எண்ணங்கள் வரத்தான் செய்யும், வருவது நல்லது. ஒரு புதிய கதை அவ்வளவு அழகாகத் தோன்றுவதற்குக் காரணம் அதில் இன்னும் ஒரு வாக்கியம்கூட எழுதப்படவில்லை என்பதே. அதை விரட்ட முயன்றால் மேலும் மேலும் வரும். இருபது நிமிடம் கொடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள்: ஆள் யார், எதற்கு ஆசைப்படுகிறார், உங்களைப் பிடித்துக்கொண்ட காட்சி எது. கீழே எப்போது திரும்ப எடுப்பீர்கள் என்று ஒரு தேதி போட்டு மூடிவிடுங்கள். அந்தத் தேதி முக்கியம். நிறைவேறாத ஒரு காரியத்துக்குத் தெளிவான திட்டம் வகுத்துவிட்டால், அது மற்ற வேலையின் நடுவே புகுந்து தொந்தரவு செய்வது குறைகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. என் அனுபவமும் அதுதான்.

இனி உங்கள் பதினோராம் அத்தியாயத்துக்கு வருகிறேன். நாவல் பழசாகிவிட்டது, வாசித்தால் சலிப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நாவல்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில்தான் நிற்கின்றன. உங்களுடையதும் அங்கேதான் நிற்கிறது. அதுவரை நாம் முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே வந்திருப்போம். அதன் பிறகு அவற்றின் விளைவை யாராவது ஒருவர் அனுபவித்தாக வேண்டும். உங்கள் கதையில் தாயின் உயிலை மூத்த மகள் மறைத்துவைத்திருப்பது தம்பிகளுக்குத் தெரியவேண்டிய இடம் பதினோராம் அத்தியாயம். அந்த இடத்துக்குச் சரியாக ஒரு பக்கம் முன்னால் நிறுத்தியிருக்கிறீர்கள். திரைக்கதையை ஒப்புக்கொண்டதும் அதே வாரத்தில்தான் என்று கடிதத்தில் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். அக்காவின் மேல் உங்களுக்கு இரக்கம் இருக்கிறது. அவள் பிடிபடுவதை எழுத மனம் வரவில்லை என்று நான் ஊகிக்கிறேன். சலிப்பு என்று நமக்குத் தோன்றுவது பல நேரங்களில் இப்படிப்பட்ட தயக்கமாகவே இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க வழியுண்டு. ஒரு நாள் ஒதுக்கி, திருத்தாமல், முதல் பக்கத்திலிருந்து 38,000 சொற்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கடைசிப் பக்கம் வந்ததும், தம்பிகள் என்ன செய்வார்கள் என்று அறிய உங்களுக்கே ஆவல் இருந்தால், நாவல் உயிரோடுதான் இருக்கிறது. அந்தக் காட்சியை எவ்வளவு மோசமாக வந்தாலும் சரியென்று அந்த வாரமே எழுதிவிடுங்கள். அந்த மூவரில் எவர் மேலும் அக்கறை பிறக்கவில்லை என்றால், நாவலை நிறுத்திவைப்பது தவறன்று. ஆனால் அதை முறைப்படி நிறுத்துங்கள்: நின்ற இடம், இனி நடக்கவிருந்தது, திறந்து பார்க்கும் தேதி மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். பாதி நிறுத்தி, பாதி நடத்துகிற நிலைதான் உங்களை இந்த எட்டு மாதமும் வாட்டியிருக்கிறது.

ஆவல் இருக்கிறது என்றே நான் எண்ணுவதால், மற்றவற்றை எப்படி வைத்துக்கொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கவிதைத் தொகுப்பு இப்போதைக்கு மிகப் பொருத்தமான துணை. கவிதைகள் எழுதி முடிந்தவை; தேர்வதும் வரிசைப்படுத்துவதும் வேறு வகை வேலை, நாவல் நகராத மாலைகளில் கைக்கு இதமாக இருக்கும். மூன்று சிறுகதைகளும் முதல் வரைவில் பாதியில் இருப்பவை, எனவே அவை நாவலுக்குப் போட்டி. ஒவ்வொன்றுக்கும் திரும்பும் குறிப்பு எழுதி மூடிவைத்துவிடுங்கள். கட்டுரையை விட வேண்டாம். வாசகரோடு உள்ள தொடர்பு அறுந்தால் மீட்பது கடினம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்து, அதற்கென ஒரே நாளை ஒதுக்கி, அன்று நாவலைத் தொடாதீர்கள்.

கடினமானது திரைக்கதை. அதுவும் முதல் வரைவு நிலையில் இருக்கிறது, வடிவம் வேறு, இன்னொருவரின் உழைப்பும் அதோடு பிணைந்திருக்கிறது. இரண்டையும் இழுத்துக்கொண்டே போவதுதான் மிக மோசமான வழி. எழுதியது போக அதில் இன்னும் மூன்று வார வேலைதான் பாக்கி என்றால், நாவலுக்குத் திரும்பும் குறிப்பு எழுதி வைத்துவிட்டு, திரைக்கதையை முதலில் முடித்துக் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் முடியாது என்றால், நாவல் முடிய ஏழு மாதம் ஆகும், அதுவரை என்னால் எழுத இயலாது என்று நண்பரிடம் இந்த வாரமே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் வேறொருவரைக் கொண்டு எழுதிக்கொள்ள விரும்பினால் அதற்கு அவருக்கும் போதிய அவகாசம் வேண்டும்.